எண்ணிக் காட்டிய வசவுகள்: நியூசிலாந்தில் ஒரு இளையோர் நாவல் பட்ட பாடு

2015 செப்டம்பர் 3-ஆம் தேதி முதல் ஆறு வாரங்களுக்கு நியூசிலாந்தில் ஒரு நாவலை நண்பனுக்கு இரவல் கொடுப்பது குற்றமாக இருந்தது. தனி ஆள் கொடுத்தால் 3,000 டாலர் வரை அபராதம். கடையோ நிறுவனமோ கொடுத்தால் 10,000 டாலர் வரை. ஏற்கெனவே வாங்கியவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், தாமே படித்துக்கொள்ளலாம், கைமாற்றத்தான் கூடாது. கடைக்காரர்கள் பிரதிகளை உள்ளே எடுத்து வைத்தார்கள். பொது நூலகங்களும் பள்ளி நூலகங்களும் அலமாரியிலிருந்து அதை இறக்கின.

இதைக் கேட்டால் யாரோ திருட்டுத்தனமாக அச்சடித்த மஞ்சள் புத்தகம் என்றுதான் தோன்றும். அது டெட் டாவ் எழுதிய 'இன்டு த ரிவர்'. 'ஆற்றுக்குள்' என்று தமிழில் சொல்லலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான், 2013-இல், நாட்டின் சிறுவர் நூல் விருதுகளில் அதற்கு இளையோர் புனைவுக்கான பரிசு கிடைத்தது. அதற்கும் மேலாக அந்த ஆண்டின் தலைசிறந்த நூலுக்கான மார்கரெட் மாஹி பரிசும் கிடைத்தது. மாஹி நியூசிலாந்துக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த கதைகளை எழுதியவர், 2012-இல்தான் மறைந்திருந்தார். அவர் பெயரிலான பரிசை வாங்கிய புத்தகத்தில், அச்சில் பார்த்தாலே பல பெரியவர்கள் முகம் சுளிக்கும் வார்த்தைகள் இருந்தன. சண்டை தொடங்க அதுவே போதுமாக இருந்தது.

இளையோர் நாவலில் கெட்ட வார்த்தை வரலாமா என்ற கேள்வி பெரும்பாலும் அந்தரத்தில்தான் பேசப்படுகிறது. ஒருவர் யதார்த்தம் என்பார், இன்னொருவர் பிஞ்சு மனசு என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். இந்த வழக்கு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு. ஒரு நாடு அந்தக் கேள்வியைச் சட்டத்தின் முன் வைத்தது. ஒரே புத்தகத்துக்கு இரண்டரை ஆண்டுக்குள் அடுத்தடுத்து வெவ்வேறு பதில்களைச் சொன்னது. பிறகு தன் பதிலைத் தானே அழித்தது. ஒவ்வொரு பதிலும் நடைமுறையில் யார் கையிலிருந்து எதைப் பிடுங்கியது என்று கணக்குப் பார்க்க முடிகிறது.

முதலில் நாவலைப் பற்றிக் கொஞ்சம். நாயகன் தே அரெப்பா சாண்டோஸ். வட தீவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊரில், தாத்தாவின் கதைகளைக் கேட்டு வளரும், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இனத்துப் பையன். படிப்பில் சூட்டிகை. உதவித்தொகை கிடைத்து ஆக்லாந்தில் வசதியான பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளிக்குப் போகிறான். அங்கே அவன் பெயர் டெவன் ஆகிவிடுகிறது. மூத்த மாணவர்களின் கொடுமை, இனவெறி, போதை, உடலுறவு, பிள்ளைகளிடம் தவறாக நடக்கும் ஓர் ஆசிரியர் என எல்லாம் அவன் வழியில் வருகின்றன. எழுதியவர் பல்லாண்டு காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். புத்தகம் என்றாலே ஓடுகிற பையன்களை வகுப்பறையில் பார்த்துப் பார்த்து, அவர்கள் கையில் எடுக்கக்கூடிய ஒன்றை எழுத நினைத்தவர். 2012-இல் சொந்தச் செலவில் வெளியிட்டார். இதற்கு முன் அவர் எழுதிய 'தண்டர் ரோடு' நாவலில் இதே டெவன் வளர்ந்த இளைஞனாக வருகிறான். அவன் அப்படி ஆனது எப்படி என்று சொல்லும் முன்கதைதான் இது.

அந்தப் பையன்கள் பேசுகிற மாதிரிதான் நாவலில் பையன்கள் பேசுகிறார்கள். வார்டன் இல்லாத நேரத்தில் விடுதி அறைக்குள் பதினான்கு வயதுப் பையன்கள் எந்த நாட்டில் செந்தமிழிலோ அரசவை ஆங்கிலத்திலோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

பரிசு அறிவித்தவுடன் எதிர்ப்பு எழுந்தது. நடுவர் குழுவின் தலைவர் பெர்னார்ட் பெக்கெட் தானே இளையோர் நாவல்கள் எழுதுபவர், ஆசிரியரும்கூட. அவர் தேர்வை ஆதரித்து நின்றார். எதிர்ப்பக்கத்தில் முன்னால் நின்றது 'ஃபேமிலி ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பு. அதன் தலைவர் பாப் மெக்காஸ்க்ரி. அவர்கள் தரப்பை ஒரேயடியாகக் கேலி செய்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. அவர்கள் கேட்டது இதுதான்: திரைப்படத்துக்கு வயது லேபிள் ஒட்டுகிறீர்கள், வீடியோ விளையாட்டுக்கும் ஒட்டுகிறீர்கள். புத்தகத்துக்கு மட்டும் ஏன் இல்லை? சிறுவர் இலக்கியப் பரிசு வாங்கியது என்ற முத்திரையைப் பார்த்துப் பன்னிரண்டு வயது மகளுக்கு வாங்கிக் கொடுக்கும் தாய்க்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி இது. தாங்கள் முழுத் தடை கேட்கவில்லை, வயது வரம்புதான் கேட்டோம் என்று அவர்கள் பிற்பாடும் சொன்னார்கள்.

ஆனால் கேள்வியை அவர்கள் எடுத்து வைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். எந்தக் கெட்ட வார்த்தை நாவலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் காட்டினார்கள். இது அவர்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை. உலகத்தில் எங்கே இளையோர் நாவல் மீது புகார் வந்தாலும் இந்தப் பட்டியல் கூடவே வரும். காரணம் எளிது. வசவை எண்ணலாம். பென்சிலும் பொறுமையும் இருந்தால் போதும், புத்தகத்தை முழுக்கப் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. எண்ணிக்கை என்பது பார்வைக்குச் சான்று மாதிரி இருக்கும். கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம், பத்திரிகைக்குக் கொடுக்கலாம்.

எண்ண முடியாதது என்ன என்று யோசித்தேன். ஊரிலிருந்து வந்த பையனின் பெயர் போய்விடுகிறது. தே அரெப்பா என்று அழைக்க மற்றவர்களுக்கு நாக்கு வளையவில்லை, அல்லது வளைக்க விருப்பமில்லை. டெவன் என்று ஆனதும் வாழ்க்கை சுலபமாகிறது. தாத்தாவிடமிருந்து வந்த ஒன்று ஓசையில்லாமல் கழன்று விழுகிறது. அந்த இடத்தில் ஒரு வசவும் தேவைப்படவில்லை. பிள்ளைகளை வேட்டையாடும் ஆசிரியரும் பண்பாகப் பேசத் தெரிந்த மனிதர்களின் வரிசையில் வருகிறவர்தான். நாவலிலேயே கொடுமையான பகுதிகள் புகார்ப் பட்டியலின் எண்ணிக்கைக்குள் வராது. என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இளையோர் நாவலில் வசவு வரலாம். அது கதையில் எதைச் செய்கிறது என்று கேட்காமல் எத்தனை முறை வருகிறது என்று மட்டும் கேட்டால், கிடைக்கிற பதில் எதுவானாலும் தப்பாகத்தான் இருக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

நியூசிலாந்தில் திரைப்படமும் வீடியோவும் வெளிவரும் முன்பே வகைப்படுத்தப்பட வேண்டும். புத்தகத்துக்கு அப்படி இல்லை. யாராவது புகார் செய்து, அது தணிக்கை அலுவலகத்தின் மேசைக்குப் போனால்தான் வகைப்பாடு. எல்லாவற்றுக்கும் அடிப்படை 1993-ஆம் ஆண்டுத் திரைப்பட, வீடியோ, வெளியீட்டு வகைப்பாட்டுச் சட்டம். அதன்படி உடலுறவு, பயங்கரம், குற்றம், கொடுமை, வன்முறை ஆகிய விஷயங்களை ஒரு வெளியீடு பொது நலனுக்குக் கேடு வரும் விதத்தில் கையாண்டால் அதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம். இந்தப் பட்டியலில் கெட்ட வார்த்தை இல்லை. அது 2005-இல் ஒரு திருத்தமாகத் தனிப் பிரிவில் வந்து சேர்ந்தது.

அந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கும் விதம் எனக்கு வியப்பாக இருந்தது. அது மூன்று படிகளை வைக்கிறது. முதலில், மொழி பொதுமக்களுக்குப் பொதுவாகவே மிகவும் அருவருப்பூட்டுவதாக இருக்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கு மட்டும் இருந்தால் போதாது. அடுத்து, அது குறிப்பிட்ட அளவையோ கடுமையையோ தாண்டியிருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். வயது வரம்பு போடாவிட்டால் அந்த வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கடுமையான தீங்கு நேரக்கூடும் என்று தெரிய வேண்டும். அருவருப்பு போதாது, தீங்கு வேண்டும். தீங்கும் போதாது, கடுமையான தீங்கு வேண்டும். எண்ணிக்கைப் பட்டியல் இரண்டாம் படி வரைக்கும் ஏற உதவும், மூன்றாம் படியில் அதற்கு வேலை இல்லை.

இதற்கு மேல் 1990-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் இருக்கிறது. அதன் 14-ஆவது பிரிவு பேச்சு சுதந்திரத்தைச் சொல்கிறது: தகவலையும் கருத்தையும் சொல்வதற்கு மட்டுமல்ல, தேடுவதற்கும் பெறுவதற்கும் சேர்த்து. அந்த உரிமை பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் உண்டு.

2013-இல் தணிக்கை அலுவலகம் புத்தகத்தைப் படித்துவிட்டு 'எம்' என்ற வகையைக் கொடுத்தது. இது கட்டுப்பாடு அல்ல, ஆலோசனை. பதினாறு வயதுக்கு மேற்பட்ட, முதிர்ச்சியுள்ள வாசகர்களுக்கு ஏற்றது என்று சொல்லும், அவ்வளவுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடுத்தாலும் யாரும் குற்றவாளி ஆவதில்லை. தாய் தகப்பன் லேபிளைப் பார்த்து யோசித்து முடிவெடுக்கலாம். என் பார்வையில் விவகாரம் இங்கேயே முடிந்திருக்க வேண்டும். வாங்குபவருக்குத் தகவல் கிடைத்துவிட்டது, வாசகனுக்குக் கதவு மூடவில்லை.

ஆனால் ஃபேமிலி ஃபர்ஸ்ட் மேல்முறையீட்டுக்குப் போனது. மறு ஆய்வு வாரியம் அதே ஆண்டு டிசம்பரில் பெரும்பான்மை முடிவாக 'ஆர் 14' கொடுத்தது. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் பொருள். வாரியத் தலைவர், மூத்த வழக்கறிஞர் டான் மாத்தீசன், அதுவும் போதாது என்று மாற்றுக் கருத்து எழுதினார். பதினெட்டு வயது வரம்பு வேண்டும் என்பது அவர் கட்சி.

பதினான்கு என்பது நடுநிலை மாதிரித் தோன்றும். தடையும் இல்லை, தாராளமும் இல்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் பாதிப் பாதி என்று தீர்ப்புச் சொல்லி எழுந்திருப்பது போல. நடைமுறையில் என்ன ஆனது என்று பார்த்தால்தான் தெரியும், எல்லாப் பதில்களிலும் மோசமானது அதுதான்.

ஏனென்றால் 'ஆர்' என்று தொடங்கும் வகைப்பாடு அந்த நாட்டில் ஆலோசனை அல்ல, சட்டம். வயது வராதவருக்குக் கடைக்காரர் விற்றால் குற்றம், நூலகர் கொடுத்தால் குற்றம், பெற்ற தாய் கொடுத்தாலும் குற்றம். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிள்ளை எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு வேண்டும் என்பதுதான் புகார்க்காரர்களின் முதல் வாதம். அதன் விளைவாக வந்த லேபிளோ அந்த உரிமையைப் பெற்றோரிடமிருந்து எடுத்து அரசிடம் கொடுத்தது. தன் பதின்மூன்று வயது மகனோடு சேர்ந்து உட்கார்ந்து இந்த நாவலைப் படித்து, அந்த ஆசிரியர் கதாபாத்திரத்தைக் காட்டி, 'இப்படி யாராவது நடந்தால் என்னிடம் வந்து சொல்லுடா' என்று பேச நினைக்கும் தகப்பன் சட்டத்தை மீறியவன் ஆகிறான். எந்தப் பெற்றோருக்காக இது?

நூலகங்களுக்கு வேறு தலைவலி. வயதுக் கட்டுப்பாடு உள்ள புத்தகத்தை இளையோர் அலமாரியில் திறந்து வைக்க முடியாது. யாராவது பதின்மூன்று வயதுப் பிள்ளை எடுத்துவிட்டால் நூலகம் மாட்டும். அதனால் புத்தகம் இளையோர் பகுதியை விட்டுப் போகும், அல்லது மேசைக்குப் பின்னால் போகும். வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். நூலகத்தில் நிறைய நேரம் கழித்தவர்களுக்குத் தெரியும், தயங்கித் தயங்கிப் படிக்கிற பையன் கேட்டு வாங்க மாட்டான். அலமாரியில் கண்ணில் பட வேண்டும், அட்டை பிடித்து இழுக்க வேண்டும், யாரும் பார்க்காதபோது நடுப்பக்கத்தைத் திறந்து நாலு வரி படிக்க வேண்டும். அந்த நாலு வரியில் தன் நண்பர்கள் பேசுகிற மாதிரியே யாரோ பேசினால் எடுத்துக்கொண்டு போவான். டாவ் யாருக்காக எழுதினாரோ அவன்தான் மேசையருகே போய், 'அந்த ஆர் 14 புத்தகம் இருக்கா?' என்று கேட்கக் கூசுகிறவன். தானாகவே நிறையப் படிக்கிற பிள்ளை எப்படியும் எங்கிருந்தாவது வாங்கிவிடும். ஆக, லேபிள் தவறான ஆளைத்தான் வெளியே நிறுத்தியது.

இதை முதலில் உணர்ந்தவர்கள் நூலகர்கள். ஆக்லாந்து நூலகங்கள் 2015-இல் மறுபரிசீலனை கேட்டு விண்ணப்பித்தன. ஆகஸ்டில் துணைத் தலைமைத் தணிக்கை அதிகாரி நிக் மெக்கலி வயது வரம்பை நீக்கினார். ஃபேமிலி ஃபர்ஸ்ட் மறுபடி வாரியத்திடம் போனது. விசாரணை முடியும் வரை இடைக்காலத் தடை விதிக்கும் அதிகாரம் வாரியத் தலைவருக்குச் சட்டத்தில் உண்டு. பதினெட்டு வயது வேண்டும் என்று முன்பே எழுதிய அதே மாத்தீசன்தான் இப்போதும் தலைவர். செப்டம்பர் 3-ஆம் தேதி கையெழுத்திட்டார். 1993 சட்டம் வந்து 22 ஆண்டுகளில் ஒரு புத்தகத்துக்கு இப்படி நடந்ததில்லை.

சொல்லப்போனால் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இரண்டு தரப்பும் மோதியது வயது வரம்பு வேண்டுமா, வேண்டாமா என்பதில்தான். கிடைத்ததோ எழுபது வயதுக்காரருக்கும் சேர்த்துத் தடை. சிறுவர்களைக் காக்க வந்த சட்டம், வழி தெரியாமல் எல்லோரையும் சேர்த்து அடைத்தது. புத்தகத்தைத் தடை செய்கிற நாட்டிலா நான் வாழ்கிறேன் என்று டாவ் அதிர்ந்துபோய்க் கேட்டார். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. நியூசிலாந்து நகரங்கள் சிலவற்றில் ஆட்கள் பொது இடத்தில் கூடி அந்த நாவலைக் கையில் பிடித்து மௌனமாகப் படித்தார்கள். கோஷம் கிடையாது, உரை கிடையாது. கெட்ட வார்த்தைக்காக நடந்த போராட்டத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

அக்டோபர் 14-ஆம் தேதி வாரியம் பெரும்பான்மையாக முடிவு செய்தது: தடை நீங்கியது, வயது வரம்பும் இல்லை. மாத்தீசன் இந்த முறையும் மாற்றுக் கருத்துத்தான்.

தீர்ப்பு வந்துவிட்டது என்பதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அச்சில் பார்க்கிற வசவு பிள்ளையின் நாக்கில் ஏறாதா? அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சாரா காய்ன் தலைமையிலான ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. இளம் வாசகர்களிடையே அதிகம் விற்ற 40 நாவல்களை எடுத்துப் படித்தார்கள். 35-இல் ஏதாவது ஒரு கெட்ட வார்த்தையாவது இருந்தது. சராசரியாக ஒரு நாவலுக்கு 38. ஆனால் அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது எண்ணிக்கை இல்லை, அதற்கு அடுத்து அவர்கள் கேட்ட கேள்வி: யார் திட்டுகிறார்கள்? திட்டுகிற பாத்திரங்கள் மற்றவர்களைவிடப் பணக்காரர்களாகவும், அழகானவர்களாகவும், எல்லோரும் சுற்றி வருகிறவர்களாகவும் இருந்தார்கள் என்று கண்டார்கள். அதாவது வசவு ஒரு நகை மாதிரி, கெத்துக்காகப் போட்டுக்கொள்வது.

இது நியாயமான கவலை. எனக்கும் உண்டு. ஆனால் இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் டாவின் நாவல் வேறு பக்கம் போய் விழுகிறது. அங்கே வசவு நகை இல்லை, தழும்பு. அந்த விடுதியில் உயிர் பிழைக்க அந்த மொழியைப் பழக வேண்டியிருக்கிறது. ஊரில் இருந்தபோது அவனிடம் இருந்த பேச்சு ஒன்று, பள்ளி அவனுக்குக் கொடுத்த பேச்சு வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் கதை. வசவை நீக்கினால் அந்தத் தூரம் தெரியாது. எல்லா வசவையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணினால் நகையும் தழும்பும் ஒரே எண்ணிக்கையில் கலந்துவிடும்.

அப்புறம், வசவு என்று எதைச் சொல்கிறோம் என்பதே நின்ற இடத்தில் நிற்பதில்லை. நியூசிலாந்தின் ஒலிபரப்புத் தர ஆணையம் எந்தெந்த வார்த்தை மக்களுக்குப் பொறுக்கவில்லை என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கருத்துக் கேட்டு வருகிறது. கடவுள் பெயரை இழுக்கிற பழைய வசவுகள் யாரையும் அவ்வளவாக உறுத்துவதில்லை. இனத்தைச் சொல்லி இழிவு செய்யும் வார்த்தைகள் மீதான வெறுப்போ கூடிக்கொண்டே வருகிறது. மாவோரிப் பையனைப் பற்றிய நாவலைப் பேசும்போது இது சின்ன விஷயம் இல்லை. அவனை உண்மையில் காயப்படுத்தும் சொல் எது? உடலுறவைச் சொல்லும் நாலெழுத்து வார்த்தையா, அவன் பிறப்பைச் சொல்லும் வார்த்தையா? புகார்ப் பட்டியல்கள் பெரும்பாலும் முதல் வகையைத்தான் எண்ணுகின்றன.

நமக்கு இதில் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது, சொல்லாமல் போனால் மனசு ஆறாது. பள்ளி இலக்கணத்தில் தகுதி வழக்கு என்று மூன்று படித்திருப்போம். அதில் முதலாவது இடக்கரடக்கல். நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுவதை வேறு வார்த்தையில் சொல்வது. 'கால் கழுவி வந்தான்' என்று எடுத்துக்காட்டு கொடுப்பார்கள், வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கவனித்தால் ஒன்று புரியும். மறைத்துச் சொன்னது மறையவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளே இருப்பது என்ன என்று தெரியும். நம் பத்திரிகைகளில் முதல் எழுத்தைப் போட்டு மூன்று புள்ளி வைக்கிறார்களே, அதுவும் அப்படித்தான். புள்ளியை நிரப்பும் வேலையை வாசகன் தலையில் கட்டிவிட்டு எழுதியவர் கை கழுவிக்கொள்கிறார். அந்த வார்த்தை தெரியாத பிள்ளை அப்பாவிடம் போய்க் கேட்கும் என்பது வேறு கதை.

ஆனால் இடக்கரடக்கல் நயமான ஒரு விதி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது அவையைப் பார்க்கச் சொல்கிறது. யார் முன்னால் பேசுகிறாய் என்று கேட்கிறது. கதைசொல்லி தன் குரலில் பேசும்போது இந்த விதிக்கு வேலை இருக்கிறது. அடுக்கடுக்காக வசவு வைத்துத் தன்னைப் பெரிய துணிச்சல்காரராகக் காட்டிக்கொள்ளும் எழுத்தாளர்மேல் எனக்கு மரியாதை இல்லை. அவரும் எண்ணிக்கையைத்தான் நம்புகிறார், வேறு திசையிலிருந்து. பாத்திரம் பேசும்போது கதை வேறு. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் பையன்களுக்கு எதிரே அவை எங்கே இருக்கிறது? அங்கே இடக்கரடக்கலைக் கொண்டுவந்து நுழைத்தால், அறைக்குள் ஒரு தலைமை ஆசிரியர் ஒளிந்திருக்கிறார் என்று படிக்கிற பையன் உடனே மோப்பம் பிடித்துவிடுவான். பொய் என்று ஒரு இடத்தில் தெரிந்துவிட்டால், அந்த ஆசிரியர் கதாபாத்திரத்தைப் பற்றிச் சொல்வதையும் நம்ப மாட்டான். எந்த எச்சரிக்கை அவனுக்கு அவசியமாகப் போய்ச் சேர வேண்டுமோ அது சேராது.

சரி, அந்தப் பன்னிரண்டு வயது மகளின் தாய்க்கு என்ன பதில்? அவரைக் கைவிடக் கூடாது. பரிசு முத்திரையை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றம் வரும் என்பது உண்மைதான். அவருக்குத் தேவைப்படுவது பின்னட்டையில் நேர்மையான இரண்டு வரி: உள்ளே உடலுறவு, போதை, வன்முறை, கடுமையான பேச்சு உண்டு. தணிக்கை அலுவலகம் முதலில் கொடுத்த 'எம்' கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. பிரிட்டனில் 2008-இல் சிறுவர் நூல்களின் அட்டையில் வயதை அச்சிடப் பதிப்பகங்கள் திட்டமிட்டபோது எழுத்தாளர்கள் பலர் அதையே எதிர்த்தார்கள். மெதுவாகப் படிக்கிற பதின்மூன்று வயதுப் பையன் '9+' என்று போட்ட புத்தகத்தைத் தொடவே வெட்கப்படுவான் என்றார்கள். அதனால்தான் வயதை எழுதுவதைவிட உள்ளே இருப்பதை எழுதுவது நல்லது என்று நினைக்கிறேன். எண் போட்டால் பிள்ளையை அளக்கிறோம். உள்ளடக்கத்தைச் சொன்னால் புத்தகத்தை அளக்கிறோம், பிள்ளையை அளக்கும் வேலை அவளைத் தெரிந்தவரிடமே இருக்கும்.

தடை நீங்கிய அடுத்த ஆண்டு, 2016-இல், நாவல் அமெரிக்காவிலும் வெளியானது. தடைச் செய்தி இல்லாமல் இருந்திருந்தால் கடல் தாண்டி இத்தனை பேர் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். புகார் கொடுத்தவர்கள் செய்த விளம்பரத்தை எந்தப் பதிப்பகமும் காசு கொடுத்து வாங்க முடியாது.

எனக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றுவது வேறு ஒன்று. 'ஆர் 14' நடைமுறையில் இருந்தது 2013 டிசம்பர் முதல் 2015 ஆகஸ்ட் வரை, ஏறக்குறைய இருபது மாதம். தொடக்கத்தில் பன்னிரண்டரை வயதில் இருந்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். தே அரெப்பா மாதிரி விடுதிப் பள்ளிக்குப் போகும் கட்டத்தில் இருந்திருப்பான். லேபிள் நீங்கும்போது அவனுக்குப் பதினான்கு முடிந்திருக்கும். வரம்பு நீங்கியதோ இல்லையோ, அவனுக்கு அது இனி பொருந்தாது. அவன் அந்த நாவலைப் படித்திருக்க வேண்டிய இரண்டு வருடத்தை விடுதியில் கழித்து முடித்திருப்பான்.